மார்வென் கப்பலில் சொன்ன சொல்

நெருங்கி உட்காருங்கள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், பிறகு சிரிப்பு வராது.

மார்கழி மாதம். பின்னேரம் ஐந்து மணி... லண்டனில் அது இரவுதான். டெட்ஃபோர்ட் ஆற்றோரத் தெருவில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. என் சிநேகிதன் சிவானந்தனின் மச்சான் புவனேந்திரன் அந்தத் தெருவால் தலைதெறிக்க ஓடிவருகிறார். ஒரு காலில் சப்பாத்து இல்லை.

ஏன் ஓடினார்? பொறுங்கள், அதைத்தானே சொல்ல வருகிறேன்.

அவருக்கு வேலை, கப்பல் கழுவுவது. மார்வென் என்ற, இரண்டாம் உலகப் போரில் ஓடிய பழைய நாசகாரிப் போர்க்கப்பலை ஆற்றில் கட்டி வைத்திருந்தார்கள். சனம் டிக்கெட் எடுத்துப் பார்க்க வரும். வழிகாட்டி சொல்கிற கதை அவருக்கும் பாடம். ரஷ்யாவுக்குச் சாமான் ஏற்றிய கப்பல்களுக்குக் காவல் போனது. ஒரு நீர்மூழ்கியை மோதியே பிளந்தது. தண்ணீரில் கத்திக்கொண்டு கிடந்தவர்களுக்கு மேலாலேயே ஓடியது.

பிறகு அதற்கும் முறை வந்தது. குண்டு விழுந்து, கொதிகலன் அறையில் நீராவிக் குழாய் வெடித்தது. கீழே ஆறு பேர். தீ வெடிமருந்துக்குப் போய்விடும் என்று, மேலே நின்றவன் இரும்பு மூடியைப் போட்டு இறுக்கினான். ‘திரும்பி வருகிறேன்’ என்று கத்திவிட்டுத்தான் இறுக்கினான். அடுத்த குண்டு அவனை இரண்டாகக் கிழித்தது. கீழே... முதலில் சுத்தியலால் அடித்தார்கள். பிறகு வெறுங்கையால். பிறகு அதுவும் இல்லை.

புவனேந்திரன் இளகிய மனசுக்காரர். தினமும் வேலை முடிய அந்த மூடியைக் கும்பிட்டு, “அப்ப போயிட்டு வாறன்” என்பார். ஒருநாள் இதை வீட்டில் சொல்ல, மனைவி பாமா கரண்டியோடு திரும்பினாள்.

“உங்களுக்கென்ன விசரே? செத்தவீட்டில ஆரும் போயிட்டு வாறன் எண்டு சொல்லுவினமோ? பேசாமல் எழும்பி வரவேணும் எல்லோ!”

“அது கப்பலெல்லோ, பாமா.”

“ஆறு பேர் வெந்து செத்த இடம், பிறகென்ன கலியாண வீடே?”

மறுநாள் அவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பினார். இரண்டடி வைத்திருக்கமாட்டார்.

டங்... டங்... மூடிக்குக் கீழிருந்து.

அந்த ஓட்டம்தான் நான் முதலில் சொன்னது. அதோடு வேலைக்குப் போகவில்லை. மகள் சயந்தினிக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. படிக்கிற பிள்ளை, பயப்படும்.

இரண்டு நாள் போனது. பாமா கடையில் வேலைக்கு நின்றாள். மகள் பள்ளிக்கூடம் என்று நினைத்து, அவர் மேல் அறையில் போர்த்துக்கொண்டு கிடந்தார். லூயிஷாமில் அவர்கள் இருந்தது பழைய வீடு.

ஹீட்டர் குழாய்க்குள் டங்... என்றது. பிறகு எல்லா அறையிலும். கருகின எண்ணெய் மணம் மூக்கில் அடித்தது. குளியலறைக்குள் ஏதோ வெடித்தது. அவர் எழும்பி ஓடிவர, அந்தக் கதவுக்குக் கீழால் ஆவி சீறி வந்தது.

உடனே உள்ளேயிருந்து கதவில் அடி! தனி ஒருவர் அடிக்கிற அடியில்லை. சுவரே அதிர்ந்தது.

“ஓப்பன் த டோர்! ஓப்பன் த டோர்!”

கரகரத்த இங்கிலீஷ். வந்துவிட்டார்கள் என்று அவருக்கு விளங்கிவிட்டது. ஐயோ, அந்த மனுசன் என்ன செய்வார்? கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, நிலையில் காலை ஊன்றி, கதவைத் திறக்கவிடாமல் வெளிப்பக்கம் இழுத்தார். உள்ளே இழுத்தார்கள். இவரும் விடவில்லை. தோள்மூட்டு விலகியது. பித்தளைக் கைப்பிடி சூடேறி உள்ளங்கை பொரிந்தது. முருகா, முருகா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே பிடித்தார்.

அடி குறைந்தது. நின்றது.

பிறகு கதவோடு ஒட்டி, மெல்லிய குரல்... “அப்பா.”

அவர் கதவைத் தள்ள, நனைந்த துணி விழுவதுபோல் சயந்தினி அவர் காலடியில் விழுந்தாள். தலையிடி என்று பள்ளிக்கூடத்திலிருந்து நேரத்தோடு வந்திருக்கிறாள். அவருக்குத் தெரியாது.

பிள்ளை தப்பிவிட்டாள். ஆனால் இரண்டு கையும் முழங்கைவரை வெந்துபோயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் புவனேந்திரன் தலையில் அடித்து அழுதார்.

“என்ர குஞ்சு... முதலே அப்பா எண்டு கூப்பிட்டிருந்தால் திறந்திருப்பனே.”

அவள் கட்டுப்போட்ட கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்கள் வேலையில எண்டெல்லோ நினைச்சனான். எனக்குப் பின்னால நிண்டவைதான் சொன்னவை... வெளியில இழுத்துப் பிடிக்கிறது உன்ர அப்பா, நீ கூப்பிடு எண்டு.”