பங்குல வந்த ரெண்டு வீலு

தொடாதீங்க சார், கை வேர்வ பட்டா கற உக்காந்துக்கும். இப்பிடி வெளிச்சத்துல பாருங்க. உங்க மூஞ்சி தெரியுதா? குரோமு. கடைல போட்டதில்ல, வல்லம் வடகால்ல நான் வேல பாக்கற பிளேட்டிங் கம்பெனில போட்டது. சூப்பர்வைசர் கைய கால புடிச்சி, கம்பெனி மாலுக்கு நடுவுல இந்த ரெண்டு ரிம்மையும் லைன்ல தொங்கவுட்டு எடுத்தேன்.

விக்கறதில்லன்னு சொன்னனே சார். எங்கண்ணன்கிட்ட வண்டி பாடிய வாங்கிட்டீங்கன்றதுக்காக நான் வீல தூக்கிக் குடுத்துடணுமா?

சிரிங்க, சிரிப்பாத்தான் இருக்கும். நெலம் கம்பெனிங்க கட்ற எஸ்டேட்டுக்குப் போச்சு, வந்தத பிரிச்சோம், வூட்டுக்கு நடுவுல செவுரு வெச்சோம். அப்பாவோட ராஜ்தூத் பைக்க மட்டும் ரெண்டு பேரும் வுடல. ஊர்ப் பெரியவங்க தலைல அடிச்சிக்கினு, பாடி பெரியவனுக்கு, வீலு சின்னவனுக்குன்னு பங்கு வெச்சிட்டாங்க. அதுக்கும் ஒத்துக்கினோம். அவன் வண்டிய செங்கல்லு மேல நிக்கவெச்சான், நான் சக்கரத்த ஆணில மாட்டினேன். தம்பி உள்ளவன் படைக்கு அஞ்சானாம். சொன்னவனுக்குத் தம்பி இருந்திருக்க மாட்டான்.

துரு தின்னு போயிருந்துச்சு சார். ஸ்போக்ஸ் கம்பிய ஒண்ணொண்ணா கழட்டி, பழைய குரோம ஆசிட்ல உரிச்சி, எமரி பேப்பர் போட்டு தேச்சி, அப்பறம் பளபளப்பேத்தற பஃப் மெஷின்ல குடுத்தேன். அங்கதான் பொறும வேணும். பளபளப்புக்கு ஆசப்பட்டு ஜாஸ்தி தேச்சா, கம்பி மாட்ற ஓட்டைய சுத்தி தகடு மெலிஞ்சிடும். செவுத்துல மாட்டி அழகு பாக்கலாம், ஆள ஏத்திக்கினு ஓட்ட முடியாது. நான் ஓட்றதுக்குன்னுதான் பண்ணேன்.

பாடி இல்லாம எப்பிடி ஓட்டுவேன்னு கேக்கறீங்க. நல்லாத்தான் கேக்கறீங்க.

அண்ணன் எதுவும் சொல்லி அனுப்பலயா? ஒரு வார்த்த? வீலு அவன்கிட்ட கீது, நீயே போயி பேசிக்கோன்னு மட்டுந்தானா? சரி. எதுக்கு வித்தானாம்? பிரவீனா கல்யாணச் செலவுக்கா.

பிரவீனா அவன் பொண்ணு சார். நான் தூக்கி வளத்த கொழந்த. அதுக்கு மாப்ள முடிவாச்சுன்னு டீக்கடைல எவனோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்னிக்கு வந்துதான் இந்த ரிம்ம கழட்டினேன். தான் ஆடலன்னாலும் தசை ஆடுதே, இன்னா பண்றது. நானா செவுரு தாண்டிப் போவ மாட்டேன். ஆனா பத்திரிக எடுத்துக்கினு அவன் வந்துதான ஆவணும்? கூடப் பொறந்தவனுக்குத் தட்டுல வெச்சிக் குடுக்காம எவன் பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணுவான்? வந்தா ஒண்ணும் பேசக்கூடாது, ரெண்டு வீலையும் உருட்டிக்கினு போயி அவன் முன்னாடி நிறுத்திடணும், பொண்ணும் மாப்ளையும் தாத்தா வண்டிலயே வல்லக்கோட்ட கோயிலுக்குப் போவட்டும்னு நெனச்சிக்கினு இருந்தேன். என் பொண்டாட்டி ரத்னா, வர்றவங்களுக்குன்னு புதுப் பாயி கூட வாங்கி வெச்சா.

எடுத்துக்கோங்க சார், ரெண்டையும். இருங்க, துணி தரேன், கீறல் வுழாம சுத்திக்கினு போங்க. கல்யாணம் போன வெள்ளிக்கெழம முடிஞ்சிருச்சு. மோளச் சத்தம் நம்ம அடுப்படி வரைக்கும் கேட்டுதுன்னு ரத்னா சொன்னா. நான் டபுள் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கினு போயிட்டேன்.