இரண்டாம் டிகாக்ஷன்

வீட்டுக்கு எஸ்பிரசோ மெஷின் வாங்குவதாக இருந்தால் செமி ஆட்டோமேட்டிக்கையே வாங்குங்கள். ஆட்டோமேட்டிக்கில் பொத்தானை அழுத்தினால் போதும். கொட்டையை அரைப்பது, தூளை அழுத்துவது, பாலை நுரைக்க வைப்பது எல்லாம் அதுவே செய்துகொள்ளும். ஆனால் பால் போகும் குழாய் உள்ளே இருக்கும். நம் ஊர் வெயிலுக்கு இரண்டே நாளில் வாடை வந்துவிடும். செமி ஆட்டோமேட்டிக்கில் எல்லாவற்றையும் நாமே கையால் செய்ய வேண்டும். பழக ஒரு வாரம் ஆகும். பழகிவிட்டால், கோப்பையில் என்ன இருக்கிறது என்பது போட்டவருக்கு மட்டும்தான் தெரியும்.

நான் காபி மெஷின் விற்பவள் இல்லை. பெயர் ரேணுகாம்பாள். காஞ்சிபுரத்தில் குமாரசாமி ஐயா வீட்டில் பதினேழு வருடம் சமையல் செய்தேன். முன்பக்கம் அவருடைய பட்டுச் சேலைக் கடை, பின்பக்கம் வீடு. என் கணவர் கலியன் கடைக்கு டிரைவர். கல்யாணச் சேலை எடுக்க வருகிறவர்களை அழைத்து வருவதும், திரும்பக் கொண்டுபோய் விடுவதும் அவர் வேலை.

அந்த வீட்டில் காபிக்கு ஒரு முறை இருந்தது. ஃபில்டரில் முதலில் இறங்கும் கெட்டி டிகாக்ஷன் ஐயாவுக்கும் கடைக்கு வருகிறவர்களுக்கும். அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றினால் இறங்கும் இரண்டாம் டிகாக்ஷன் எங்களுக்கு. எத்தனையோ வீடுகளில் உள்ள பழக்கம்தான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஐப்பசியில் ஒரு நாள். வாலாஜாபாத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் முகூர்த்தச் சேலை எடுத்து முடித்திருந்தது. ராகு காலத்துக்கு முன் சேலை வீடு போய்ச் சேர வேண்டும் என்று அவசரப்பட்டார்கள். கலியன் சமையலறை வாசலில் நின்றிருந்தார்.

"ஐயா, நெஞ்ச அடைக்கிற மாரி இருக்குது. வேற யார்னா வண்டி எடுக்கட்டுமே."

"கேஸா இருக்கும்யா. காலையில இன்னா துன்ன? போய் இவங்கள எறக்கி வுட்டுட்டு வந்து படுத்துக்கோ." ஐயா என் பக்கம் திரும்பினார். "ரேணுகா, இவனுக்கு மொத டிகாக்ஷன்லயே ஒண்ணு குடு. தெம்பா ஓட்டட்டும்."

அந்த வீட்டில் கலியன் குடித்த முதல் டிகாக்ஷன் அது ஒன்றுதான். நான்தான் ஆற்றிக் கொடுத்தேன்.

ஐயம்பேட்டை தாண்டி வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு, அப்புறம் ஸ்டியரிங்கில் சாய்ந்தாராம். போன் பார்க்கிறார் என்று பின்னால் இருந்தவர்கள் நினைத்தார்களாம். அவர்கள் யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

ஐயா மாலையோடு வந்தார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிருப்பனே. எங்கிட்ட சொல்லவே இல்லியேம்மா" என்றார். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். பொய் சொல்கிறவர் முகமாக அது இல்லை. உண்மையிலேயே மறந்துவிட்டிருந்தார். பொய் சொல்லியிருந்தால் ஒருவேளை நான் விட்டிருப்பேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வேலைக்குத் திரும்பினேன். விசுவாசம் என்று தெருவில் சொன்னார்கள்.

ஒரு வருடம் சமைத்துப் போட்டேன். உப்புக்கூட ஒரு நாள் கூடியதில்லை. அதற்கடுத்த மார்கழியில் ஐயா கடையிலேயே மயங்கி விழுந்தார். இதயம் தாளம் தப்பி அடிக்கிறது என்று சென்னையில் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். சீட்டை மருந்துக் கடைக்கு எடுத்துப் போனவள் நான். பத்தாவது வரை படித்திருக்கிறேன். வடை மடித்து வரும் தாளைக்கூடப் படிக்காமல் எறிய மாட்டேன். காபி ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் லேசாக, என்று எழுதி டாக்டர் அடிக்கோடு போட்டிருந்தார். போகும் வழியில் இரண்டு முறை படித்தேன்.

பொங்கலுக்கு பெங்களூரிலிருந்து ஐயாவின் மகன் வசந்தும் மருமகள் அனுவும் வந்தார்கள். ஒரு கோப்பைதான் என்றால் அது நல்ல கோப்பையாக இருக்கட்டும் என்று மெஷின் வாங்கித் தர முடிவு செய்தார்கள். வசந்த் ஆட்டோமேட்டிக் என்றான். அனு போனில் இரண்டையும் காட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா, இந்த ஆட்டோமேட்டிக் ஆப்போட கனெக்ட் ஆகும். நீங்க எத்தன கப் குடிச்சீங்கன்னு நான் பெங்களூர்ல இருந்தே பாக்கலாம்."

"நான் ஒண்ணுக்குப் போறதையும் அதுல பாப்பியாம்மா?" என்றார் ஐயா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"செமின்னா டேஸ்ட் சூப்பரா இருக்கும். ஆனா ஒருத்தர் நின்னு போடணும். எண்ணிக்கையெல்லாம் அது வெச்சுக்காது."

"போடப் போறது ரேணுகாதானே. அவளக் கேளு. இன்னாம்மா சொல்ற?"

என் வாழ்க்கையில் ஒரு பெரிய பொருளைப் பற்றி என் கருத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை. பால் குழாயைப் பற்றிச் சொன்னேன். கழுவ முடியாத பாத்திரம் எனக்கு ஆகாது, கைவேலை என்றால் பழகிக்கொள்கிறேன் என்றேன். அனு என் தோளைத் தட்டினாள். "ரேணுகாக்கா இருக்கும்போது ஆப் எதுக்கு? தினம் நான் அவங்களக் கேட்டுக்கறேன்."

அனு நல்ல பெண். பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தாள். ஒவ்வொரு கோப்பைக்கும் கைப்பிடிக் கிண்ணத்தில் புதிதாகத் தூள் போட்டு அழுத்த வேண்டும். காபி இறங்கியதும் தட்டினால், சக்கை சின்ன வறட்டி போல முழுதாக விழும். அதில் மறுபடி தண்ணீர் விடக் கூடாது. ஐயா அப்போது கடையில் இருந்தார். அதனால் அவருக்கு இது தெரியாது.

அவர்கள் ஊருக்குப் போன நாலாம் நாள் ஐயா சமையலறைக்கு வந்தார்.

"ரேணுகா, அதுல ரெண்டாவது தபா வுட்டா இன்னா ஆவும்? ரெண்டாம் டிகாக்ஷன்தானே? அதுல இன்னா சத்து இருக்கப் போவுது."

பட்டு நூலைத் திரித்துப் பார்த்தே தரம் சொல்கிறவர் அவர். மெஷினில் இரண்டாவது இறங்குவது எல்லாமே இரண்டாம் டிகாக்ஷன் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. "ஆமாங்க ஐயா" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு கோப்பை அளவுள்ள பெரிய கிண்ணத்தில் புதுத் தூளை நிரப்பி அழுத்திப் போட்டேன். பாலும் சர்க்கரையும் தாராளமாக விட்டு டம்ளரில் ஆற்றிக் கொடுத்தேன். அவர் டம்ளரை உதட்டில் வைக்க மாட்டார், தூக்கித்தான் ஊற்றிக்கொள்வார். நாக்கில் தங்காமல் போய்விடும். "ரெண்டாவதே இவ்ளோ நல்லாக்குதே" என்றார். அந்த மாதம் ஒரு நாளைக்கு மூன்று. பங்குனியில் ஐந்து. சித்திரையில் அவரே கேட்பதற்கு முன் கொண்டுபோய் வைத்தேன்.

அனு தினமும் போன் செய்தாள். "ஒண்ணுதாம்மா, காலையில மட்டும்" என்று சொல்வேன். "நீங்க இல்லன்னா என்ன பண்ணுவோம்க்கா" என்பாள்.

வைகாசியில் ஒரு நாள் காலை பதினொரு மணி. கடையில் நல்ல கூட்டம். ஐயா உள்ளே வந்து சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ரேணுகா, நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கினே இருக்குது. நிக்க மாட்டேங்குது."

"கேஸா இருக்கும் ஐயா."

என்னைப் பார்த்தார். ஏதாவது நினைவுக்கு வருகிறதா என்று நானும் பார்த்தேன். வரவில்லை. எத்தனை நாள் காத்திருந்தேன் தெரியுமா, அந்த ஒரு வாய்ப்பை அவருக்குக் கொடுத்தேன். கலியன் பெயரைச் சொல்லியிருந்தால் உடனே வண்டிக்கு ஆள் அனுப்பியிருப்பேன்.

"ஒரு காபி போடட்டுமா?"

"ரெண்டாம் டிகாக்ஷன்தானே?"

"அதான் ஐயா."

நிதானமாகப் போட்டேன். தூக்கிக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தபோது கை தவறியது. சுவரில் சாய்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் சக்கையைத் தட்டினேன். கிண்ணத்தைக் கழுவினேன். பாலை நுரைக்கும் வெளிக்குழாயை ஈரத் துணியால் துடைத்தேன், பால் காய்ந்துவிட்டால் போகாது. டம்ளரையும் கழுவிக் கவிழ்த்த பிறகு கடைப் பக்கம் போய், ஐயாவுக்கு ஒரு மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். ஓடி வந்தார்கள்.

பழைய இதய நோய், ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் எழுதினார். யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. காரியம் முடிந்து கிளம்பும்போது அனு மெஷினை என்னிடமே கொடுத்தாள். "மாமாவ அவ்ளோ பாத்துக்கிட்டீங்க. இத நீங்க வெச்சுக்கோங்கக்கா." அழுதாள். அந்த ஒரு நேரம்தான் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

ஆகவே இதை எழுதி வைக்கிறேன். குமாரசாமி ஐயாவைக் கொன்றது நான்தான். அவர் இதயம் அல்ல, அனு வாங்கிய மெஷினும் அல்ல. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதனை வேலைக்கு அனுப்புகிறவருக்கு வேறு தண்டனை எனக்குத் தெரியவில்லை.

முழுதாகச் சொல்ல வேண்டும் என்றால் இன்னொன்றும் உண்டு. ஐப்பசியில் அந்த நாள் விடியற்காலை, வீட்டில், கலியன் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. "நெஞ்சு ஒரு மாரியா இருக்குது ரேணு, இன்னிக்கி லீவு போட்டுடட்டா?" என்று என்னைக் கேட்டார். முகூர்த்த சீசனில் லீவு போட்டால் ஐயா கோபித்துக்கொள்வார், வெயில் ஏறினால் சரியாகிவிடும் என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுத்தேன். சட்டையை நான்தான் மாட்டிவிட்டேன், பொத்தானையும் நான்தான் போட்டேன். ஆனால் அது கடை யூனிஃபார்ம். சட்டைப் பைக்கு மேலே குமாரசாமி என்றுதான் தைத்திருந்தது.