மஞ்சள் துணி சுற்றிய கம்பி

பெயர்: திருவேங்கடம். தகப்பனார் பெயர்: மருதை. வயது: அறுபத்து மூன்று. தொழில்: பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இருப்பிடம்: சவான் மாவட்டம், ரிவியேர் தே ஸாங்கீய், கோவிலுக்குப் பின் தெரு.

1934ஆம் வருஷம் பிப்ரவரி 3ஆம் தேதி, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையம் வந்து இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். எனக்குப் பிரெஞ்சும் இந்தத் தீவின் கிரியோல் பேச்சும் தெரியும். ஆனால் ஒரு சொல்லும் பிசகக் கூடாத விஷயமாதலால் தமிழில் சொல்ல அனுமதி கேட்டேன். இன்ஸ்பெக்டர் அனுமதித்தார். கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் எழுதுகிறார்.

இந்த நிலையத்தில் அடைத்து வைக்கப்பட்டிருக்கும் வையாபுரி, வயது இருபத்தேழு, என்னிடம் மூன்று வருஷம் படித்தவன். வீரசாமி என்பவருடைய மோட்டார் காரை ஓட்டுகிறவன். தைப்பூசத்தன்று குடித்துவிட்டுக் காரை ஓட்டிக் காமாட்சி என்ற பெண்ணின் சாவுக்குக் காரணமானான் என்பது அவன் மேலுள்ள குற்றம். அவன் குடிக்கவில்லை. கார் ஏன் விலகிப் போனது என்பது எனக்குத் தெரியும்.

வீரசாமி பன்னிரண்டு அர்ப்பான் நிலத்தில் கரும்பு வைத்திருக்கும் சிறு விவசாயி. எங்கள் கோவில் கமிட்டியின் தலைவர். அவர் எனக்கு உறவினர் அல்ல. எங்களுக்குள் பழைய சண்டை எதுவும் கிடையாது. காரைப் பொறுத்தவரை, அது 1911இல் செய்த பிரெஞ்சுக் கார். ஒரு தோட்டத்து மானேஜர் ஓட்டிக் கழித்து, அதன் பிறகு நான்கு வருஷம் அவருடைய கோழிகள் அதில் அடைந்து, அதன் பிறகு வீரசாமி வாங்கியது.

கடந்த ஜனவரி 18, வியாழக்கிழமை பிற்பகல், வீரசாமி தாமே காரை ஓட்டிக்கொண்டு கரும்பு வயலுக்குப் போய், வயலில் பொறுக்கிக் குவித்திருந்த கருங்கல் குவியலில் முன் சக்கரத்தை ஏற்றிவிட்டார். சாப்பாட்டோடு ரம் குடித்திருந்ததாக அவரே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னார். அதன் பிறகு மாட்டு வண்டியில் கட்டி, காரை ஆல்பெரின் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். ஆல்பெர் கிரியோல்காரர். அறுவடை இல்லாத மாதங்களில் சர்க்கரை ஆலையின் இயந்திரங்களைப் பழுது பார்க்கிற கருமான். புதுச் சாமான் கேட்டுத் தலைநகரான போர்ட் லூயியிலுள்ள கடைக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுத வேண்டும் என்று வெள்ளிக்கிழமை காலை வீரசாமி என்னை அங்கே அழைத்திருந்தார்.

வளைந்திருந்தது, முன் சக்கரங்கள் இரண்டையும் குறுக்கே இணைக்கும் நீண்ட இரும்புக் கம்பி. புத்தகத்தில் அதை டை ராடு என்பார்கள். அது விளங்க ஓர் உதாரணம் சொல்கிறேன். இரண்டு பிள்ளைகள் ஒரு கம்பின் இரு நுனியையும் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாக நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் திரும்பினால் கம்பு மற்றவனையும் திருப்பிவிடும். கம்பு வளைந்தால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். கம்பு முறிந்தால் அவனவன் போகிற பக்கம் போவான். இன்ஸ்பெக்டர் விளங்குகிறது என்றார். அதனால் மேலே போகிறேன்.

கடைக்கு எழுதினால் கம்பி கப்பலில் வர இரண்டு மாதம் ஆகும் என்று ஆல்பெர் சொன்னார். ஆகவே கடிதம் எழுதவில்லை. கொஞ்சம் வளைந்த கம்பியைச் சூடு காட்டாமல் நிமிர்த்தலாம், இதுவோ கரும்பு வெட்டும் கத்தி போல வளைந்திருக்கிறது, ஆலையிலுள்ள நல்ல இரும்பில் புதிதாக ஒன்று கடைந்து தருகிறேன், செவ்வாய்க்கிழமை ஆகும் என்றும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கொடியேற்றம். அன்று முருகன் படம் காரில்தான் வரும் என்று வீரசாமி ஊர் முழுவதும் சொல்லி வைத்திருந்தார். அதைப் பார்க்கப் பாம்பூ என்ற ஊரிலிருந்து அவருடைய மைத்துனர் குடும்பத்தோடு வருகிறார். வீரசாமி அங்கே நின்ற வையாபுரியைப் பார்த்து, "கம்பிய நேராக்கத்தான் கேட்டேன், அதுக்கு ஜாதகம் பாக்கச் சொல்லல," என்றார். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு ஆல்பெர் மனமில்லாமல் கம்பியை உலையில் வைத்துச் சிவக்கக் காய்ச்சி, பட்டடையில் வைத்து, திருப்பித் திருப்பித் தட்டி நிமிர்த்தினார். ஒரு மூங்கில் பிளாச்சின் மேல் வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ஒரு மணி நேரம் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வேலை. அதன் பிறகு கம்பியைச் சாம்பலுக்குள் புதைத்து, சாயங்காலம் வரை யாரும் தொடக் கூடாது, தானாக ஆற வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அவர் போனதும் வீரசாமி இடுக்கியால் கம்பியை வெளியே இழுத்து, பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரை அதன் மேல் ஊற்றினார். ஆவி கூரை வரை எழுந்தது. ஆல்பெர் திரும்பி வந்து பார்த்து, "பா போன், நல்லதில்லை, மிஸ்யே. இனி இது இரும்பு இல்லை, கண்ணாடி," என்று கிரியோலில் சொன்னார். அதைக் காரில் பூட்ட மாட்டேன் என்றும் சொன்னார். பூட்டவும் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை வீரசாமியின் சொல்படி வையாபுரி கம்பியைப் பூட்ட வேண்டியதாயிற்று. பூட்டுவதற்கு முன் அவன் அதை என் வீட்டுக்குக் கொண்டுவந்து சாக்பீஸ் கேட்டான். கம்பி நுனியில் மண்ணெண்ணெய் தடவி, சற்றுப் பொறுத்துத் துடைத்து, அதன் மேல் சாக்பீஸ் தூளைத் தேய்த்தான். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளையில் கோடு தெரியும், இதை ஆல்பெரிடம் கற்றேன் என்றான். இடது நுனியில், திருகுமறை தொடங்கும் இடத்தில், தலைமயிர் அளவு கறுப்புக் கோடு தெரிந்தது. என் கண்ணால் பார்த்தேன். அதன் பிறகு நாங்கள் இருவரும் வீரசாமியிடம் போய்ச் சொன்னோம். முருகன் பார்த்துக்கொள்வார் என்றார். நான் வீட்டுக்குத் திரும்பினேன், வையாபுரி கம்பியைப் பூட்டினான்.

ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை கொடியேற்றத்தன்று காவடி எடுக்கிற எல்லோருக்கும் காப்புக் கட்டினார்கள். வையாபுரியும் கட்டிக்கொண்டான். காப்பு என்பது மஞ்சள் தோய்த்த நூல். அதைக் கையில் கட்டினால் பத்து நாள் விரதம். ஒரு வேளை மரக்கறிச் சாப்பாடு, பாயில் படுக்கை, மதுவைத் தொடக் கூடாது. விரதம் முடியும் முன் காப்பை அவிழ்க்கக் கூடாது. அன்று, அதுவரை எங்கள் கோவிலில் யாரும் செய்யாத ஒன்றை வீரசாமி செய்தார். காருக்கும் காப்புக் கட்ட வேண்டும் என்று சொல்லி, மஞ்சளில் நனைத்த துணியை அந்தக் கம்பியின் மேல், முக்கியமாக இடது நுனியில், தாமே கனமாகச் சுற்றி நூல் கட்டினார். பூசாரி தினமும் காலையில் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். பெண்கள் குனிந்து கும்பிட்டுப் போனார்கள். காமாட்சியும் கும்பிட்டாள்.

ஜனவரி 29, திங்கட்கிழமை சாயங்காலம் வையாபுரி என் வீட்டுக்கு வந்தான். வந்து, "வாத்தியாரே, துணிய அவுத்து ஒரு தடவ பாத்துட்டு மறுபடி கட்டிரட்டுமா?" என்று கேட்டான். வீரசாமியிடம் கேட்டாயா என்றேன். கேட்டதாகவும், காப்பை அவிழ்க்கிறவன் கை அழுகும் என்று அவர் எல்லார் முன்னாலும் சொன்னதாகவும் சொன்னான். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஜனவரி 30, செவ்வாய்க்கிழமை, தைப்பூசம். காலை ஆறரை மணிக்குக் கார் கோவில் வாசலில் நின்றது. அதன் மறுபக்கம் வீரசாமி ஒரு ரம் புட்டியிலிருந்து குடித்து, அதை ஓட்டுகிறவன் இருக்கைக்கு அடியில் வைத்ததைப் பார்த்தேன். அவர் நெற்றியில் சந்தனம் இருந்தது, கையில் காப்பு இருந்தது. பக்கத்தில் போனபோது சந்தன வாசனையும் ரம் நாற்றமும் சேர்ந்து அடித்தன. இருக்கைக்கு அடியில் கிடைத்தது என்று இந்த நிலையத்தில் வைத்திருக்கும் புட்டி அதுதான். வையாபுரியின் பக்கத்திலும் நின்று பேசினேன். பட்டினி கிடப்பவன் வாயிலிருந்து வரும் வாடையைத் தவிர வேறு வாடை இல்லை.

அதன் பிறகு கார் ஆற்றங்கரைக்குப் புறப்பட்டது. வையாபுரி ஓட்டினான். வீரசாமி பின்னால் முருகன் படத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாலத்துக்கு இறங்கும் சரிவில் பெண்கள் பால் சொம்புகளோடு இடது ஓரமாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் வந்தேன். ஒரு சத்தம் கேட்டது. சட்டி உடைகிற மாதிரிச் சின்னச் சத்தம். வலது சக்கரம் நேராக இருக்க, இடது சக்கரம் மட்டும் வெளிப்பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். வையாபுரி ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுவதும் சுற்றினான். கார் இடப்பக்கம் போய்க் காமாட்சியைக் கல் சுவரோடு சேர்த்து நெருக்கி நின்றது.

வையாபுரியும் நானும் அவளை வெளியே எடுத்தோம். அவளுக்கு நினைவு இருந்தது. தன் சொம்பை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள் என்று மட்டும் கேட்டாள். வீரசாமி எங்களிடம் வரவில்லை. படத்தை இருக்கையில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காருக்கு அடியில் ஊர்ந்து போய், பேனாக்கத்தியால் அந்த மஞ்சள் துணியை அறுத்து எடுத்து மடியில் செருகிக்கொண்டார். சாமித் துணி காலில் மிதிபடக் கூடாது என்றார். அவள் முனகிக்கொண்டிருந்த இடத்துக்கும் அவர் ஊர்ந்துகொண்டிருந்த இடத்துக்கும் நான்கு முழம் இருக்கும்.

போலீஸ் வருவதற்கு முன், டிரைவர் குடித்திருந்தான் என்று முதலில் சொன்னவர் அவர்தான்.

மறுநாள் புதன்கிழமை காலை போலீஸ்காரர் முன்னிலையில் ஆல்பெர் காரைத் தூக்கிப் பார்த்தார். நானும் இருந்தேன். நீளமான கம்பியைக் காணவில்லை. இடையில் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஆனால் முறிந்த குட்டை நுனி, கட்டைவிரல் நீளம், இடது சக்கரத்துக் கவையில் சேற்றுக்குள் இருந்தது. எடுத்தவருக்கு அது தெரியவில்லை. ஆல்பெர் அதைத் திருகி எடுத்துக் கழுவி எங்களுக்குக் காட்டினார். முறிந்த முகத்தில் ஒரு பாதி புதிதாக வெட்டிய ஈயம் போல வெளுத்திருந்தது. மறு பாதி மஞ்சளாக இருந்தது. பூசாரி தெளித்த மஞ்சள் தண்ணீர் துணி வழியாக விரிசலுக்குள் இறங்கியிருக்கிறது. அன்றுதான் முறிந்த இரும்புக்குள் பத்து நாள் மஞ்சள் எப்படிப் போகும்? அந்தத் துண்டு இந்த நிலையத்தில் இருக்கிறது. வேண்டுமானால் இன்ஸ்பெக்டர் நகத்தால் சுரண்டிப் பார்க்கலாம்.

அன்று மாலை வீரசாமி என் வீட்டுக்கு வந்தார். ஒரு தட்டில் வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை, நடுவில் ஒரு புது வேட்டி. கல்யாணத்துக்கு அழைக்க வருகிறவர்களைப் போல வந்து உட்கார்ந்தார். காமாட்சி அப்போது ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தாள். அவளைப் பற்றி அவர் விசாரிக்கவில்லை. வையாபுரியின் வாயில் சாராய வாடை அடித்தது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றதைத் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். "நீங்க வாத்தியாரு. நீங்க சொன்னா கோர்ட்டு நம்பும். அவன் சின்னப் பய, ரெண்டு வருஷம் இருந்துட்டு வந்துருவான்," என்றார். தட்டை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அவர் அதை விட்டுவிட்டுப் போனார். நான் அதை வாசலுக்கு வெளியே வைத்தேன். வியாழக்கிழமை காலை காமாட்சி இறந்துபோனாள் என்று செய்தி வந்தது. தட்டு அங்கேயே இருந்தது. பழத்தில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

இனி, திங்கட்கிழமை வையாபுரி கேட்டதற்கு நான் சொன்ன பதில். இது வழக்குக்குத் தேவையில்லை என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். எழுத வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டதால் எழுதப்படுகிறது. "நாளைக்குப் பால் ஊத்தின பிறகு பாரு. நடுவுல அவுக்கக் கூடாது," என்று சொன்னேன். இரும்புக்குக் காப்பு என்று எந்த நூலிலும் இல்லை, எந்த வழக்கத்திலும் இல்லை. அது எனக்குத் தெரியும். விரிசல் கோட்டை என் சாக்பீஸில் பார்த்தவனும் நான்தான். கமிட்டித் தலைவர் கட்டிய துணியை அவிழ்க்கச் சொன்னேன் என்று ஊரில் பேச்சு வரக் கூடாது என்பதற்காகவே அப்படிச் சொன்னேன். வீரசாமியை நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அந்தப் பதிலை நினைத்தாலும் அப்படியே இருக்கிறது. வையாபுரி அதை யாரிடமும் சொல்லவில்லை என்று அறிகிறேன். பால் ஊற்றாததால் அவன் கையிலுள்ள காப்பு இன்னும் அவிழவில்லை. விரதமும் முடியவில்லை. அவனுக்குக் கொடுக்கும் சோற்றில் மீன் சேர்க்க வேண்டாம் என்று நிலையத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

மேலே கண்டதை மொழிபெயர்ப்பாளர் எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார். பழக்கத்தினால் நான் இரண்டு இடத்தில் "வீரசாமி ஐயா" என்று சொல்லியிருந்தேன், அவரும் அப்படியே எழுதியிருந்தார். இரண்டு இடத்திலும் "ஐயா" என்பதை அடிக்கச் சொன்னேன். அடிக்கப்பட்டது. வேறு திருத்தம் இல்லை. கண்டதைத்தான் சொன்னேன். சொன்னது எல்லாம் உண்மை. கோர்ட்டில் வீரசாமியின் முகத்துக்கு நேராகவும் இதையே சொல்வேன்.

(ஒப்பம்) ம. திருவேங்கடம்