வெளுத்த குருத்து

…அதான் சொல்றேன் தம்பி, உங்க வீட்டு சோப்புத்தண்ணி வேற எங்கயும் போகல. சுவத்தோரமா நழுவி வந்து நேரா எங்க வாழைத் தூர்லதான் குடியிருக்கு! நீங்க குடிவந்து ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள குருத்தப் பாருங்க, வெள்ளை வெளேர்னு. அதுக்குக் கீழ உக்காந்தா ராத்திரி லைட்டே இல்லாம பேப்பர் படிக்கலாம். படிச்சேங்கறேன்!

என் மரமா இருந்தா போவுதுன்னு விட்ருவேன். இது என் சம்சாரம் வெச்சது. பொண்ணு வீட்டுக்குப் போறப்ப வேற ஆள் கிடைக்காம என்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போனா. நாளைக்கு வர்றா. வந்ததும் என்னையா பாப்பா? மரத்தத்தான் பாப்பா!

போன குலை இருக்கே… போயிராதீங்க, கேளுங்க… இறக்கறதுக்கு ஆறு பேரு. ஒரு பழத்த நாங்க ரெண்டு பேரும் ரெண்டு நாளா தின்னோம். தோல்ல வழுக்குனவர் அடுத்த தெருவுலதான் எந்திரிச்சாரு.

சரி, வைத்தியம் பாக்காமலா இருந்தேன்? அடி இலை ஓரமெல்லாம் மஞ்சளாகிக் காஞ்சா பொட்டாஷ் பத்தல. அத நான் தூக்கத்துலயே சொல்லிருவேன். இங்க அடி இலை பச்சை, குருத்துதான் வெளுப்பு, நரம்பு மட்டும் பச்சை. அப்ப இரும்புச்சத்து இல்லைன்னு அர்த்தம். அன்னபேதி, அதான் இரும்பு உப்பு, அதக் கரைச்சு இலையில அடிச்சேன். அடிச்ச இலை பச்சை புடிச்சுது… அடுத்த குருத்து? மறுபடி வெளுப்பு!

உரக்கடைக்காரர் சொல்றாரு, "மண்ணுல இரும்பு இருக்கு பெரியவரே, காரத்தன்மை ஏறிட்டதால வேர் எடுக்க முடியல"ன்னு. சோத்த அலமாரியில பூட்டி சாவியத் தொலைச்ச கதை! மண்ணுல காரம் எப்படி ஏறும்? சோப்பால. சோப்பு யாரோடது? உங்களோடது!

என்னது?… துணியெல்லாம் வெளிய சலவைக்குப் போடறீங்களா? வீட்டுல துவைக்கறதே இல்லையா?… அட.

எது, சுவரா? பளிச்சுன்னு இருக்குல்ல! அவ வந்து அசரட்டும்னு போன மாசம் நானேதான் வெள்ளையடிச்சேன். சுண்ணாம்புதான்… மிச்சமா? ரெண்டு வாளி. வீணாக்குவேனா? மரத்துக்குத் தெம்பா இருக்கட்டும்னு தூர்லயே…

ம்.

சுண்ணாம்பும் காரம்தான். சிரிக்காதீங்க தம்பி. அந்த மண்வெட்டியக் கொஞ்சம் குடுங்க. மேல்மண்ண வழிச்சுட்டு மக்குன எரு போட்ருவோம், சாயங்காலம் இன்னொரு தடவை அன்னபேதி அடிச்சுருவோம். அப்புறம்… கொஞ்சம் கிட்ட வாங்களேன்… நாளைக்கு அவ வந்து கேட்டா… ஒரே ஒரு தடவை, உங்க வீட்டுல துணி துவைச்சதா இருந்துட்டுப் போகட்டுமே?