ஐஸ் பெட்டிக்குள் உறைந்த மருந்து

கிண்ணியா பஸ் துறைமுகச் சந்தியில் அரைமணி நேரம் சும்மா நின்றது. ஓட்டுநர் தேநீர்க் கடையில் இருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போது முன் இருக்கைப் பெண், கையிலிருந்த போத்தலைப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த மீன் வியாபாரியான தன் அண்ணனிடம் சொன்னாள்:

"நானா, உங்கட சூடை மீனுக்கு நடுவில என்ட மருந்து உறைஞ்சிட்டுது."

"எட்டு மாசமா காய்ச்சினியே, அந்தக் கிருமி கொல்லுற மருந்தா?"

"ஓம். ஒவ்வொரு முறையும் பாகாத்தான் வந்தது. பளிங்கா உறையாட்டி சுத்தம் பண்ண ஏலாது. நாளைக்குள்ள வராட்டி ஆராய்ச்சித் தலைப்பையே மாத்தச் சொல்லிட்டார் எங்கட கம்பஸ் சேர். அங்க ஃப்ரிட்ஜும் பழுது. அதான் உங்கட ஐஸ் பெட்டிக்கு வந்தனான்."

"கண்ணாடிக் கோலால போத்தலைச் சுரண்டிக்கொண்டு நிண்டாயே?"

"சுரண்டினா அந்தக் கோட்டில பளிங்கு பிடிக்கும். பிடிக்கயில்லை. நீங்க எட்டிப் பாத்த நேரம் உங்கட கையிலயிருந்து ஒரு மீன் செதில் உள்ள விழுந்தது. அதைச் சுத்தித்தான் பிடிச்சது."

"அப்ப பழுதாப் போச்சா?"

"இல்லை. இனி இதில ஒரு சின்னத் துணிக்கை போதும். அடுத்த பாகுக்குள்ள போட்டா முழுக்க உறையும்."

அவள் சிரித்துக்கொண்டே போன் எடுத்தாள்.

"சேர், பளிங்கு வந்திட்டுது. தலைப்பு மாத்தத் தேவையில்லை. துறைமுகத்தில ஒருத்தர் உதவி செய்தவர்."

"கட்டுரையில என்ட பேரையும் போடச் சொல்லு" என்றார் அண்ணன்.

அவள் அதைப் போனில் சொன்னாள். பதிலைக் கேட்டதும் போனைக் கையால் பொத்தினாள்.

"போடுறாராம் நானா. நீங்க எந்தப் பல்கலைக்கழகமெண்டு கேக்கிறார்."