ஆஸ்பத்திரிக்குப் போன பால்

மாமியார்: …கையை விடுங்க மாப்பிள்ளை. முட்டியிலதான் ஆபரேஷன், நான் ஒண்ணும் கண்ணாடி இல்ல.

மருமகன்: உள்ள போய்ப் படுங்க அத்தை. சாயங்காலமா வந்து பார்த்துக்கலாம்…

மாமியார்: முதல்ல என் கறுப்பியைப் பார்க்கணும். நாற்காலியை இங்கயே போடுங்க. …என்னது, கொட்டகையில ஃபேன் சுத்துது?

மருமகன்: சும்மா கிடந்துச்சு…

மாமியார்: உங்க ரூம் ஃபேன்தானே அது? எருமைக்கு ஃபேன் போட்ட மாப்பிள்ளையை இப்பத்தான் பார்க்கிறேன்.

மருமகன்: எனக்கு மொட்டை மாடி போதும் அத்தை.

மாமியார்: தார்ப்பாய் எங்க? மேற்கு வெயிலுக்கு ஒரு பக்கம் கட்டச் சொன்னேனே.

மருமகன்: நான் நாலு பக்கமும் கட்டிட்டேன்.

மாமியார்: நாலு பக்கமுமா…

மருமகன்: வெயிலே படக்கூடாதுன்னு. உள்ள தண்ணியை வேற ஊத்தோ ஊத்துன்னு ஊத்தினேன். காத்து இல்லாம ஆவி அடைஞ்சுபோச்சு. மத்தியானம் பார்த்தா நாக்கைத் தொங்கப்போட்டு, எச்சில் ஒழுக, மூச்சு இரைக்கப் படுத்துட்டா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

மாமியார்: அப்புறம்…

மருமகன்: மாட்டு டாக்டர் போன்லயே திட்டினாரு. கறுப்புத் தோலு, வேர்வையும் சரியா வராது, காத்தையும் அடைச்சா என்ன பண்ணும்னாரு. தார்ப்பாயை அறுத்து எறிஞ்சேன். ஃபேனைக் கழட்டி மாட்டினேன். தண்ணி, காத்து, மறுபடி தண்ணி… தீவனம் வெயில் இறங்கினப்புறம்தான்.

மாமியார்: போன்ல ‘நல்லாத் தின்னுறா’ன்னீங்க?

மருமகன்: நீங்களும்தான் ‘வலியே இல்ல’ன்னீங்க. உங்க பொண்ணு சொல்லிட்டா.

மாமியார்: அவ வாயில எதுதான் நிக்கும்… அங்க பாருங்க, அசை போடுறா, மகராசி. போன உசுரை மீட்டுக் கொடுத்திருக்கீங்க. இதை நான் மறக்கமாட்டேன் மாப்பிள்ளை.

மருமகன்: அப்படிச் சொல்லாதீங்க அத்தை. இன்னொண்ணு இருக்கு. தினமும் தூக்குவாளியில கொடுத்தனுப்பின பால்…

மாமியார்: ம்.

மருமகன்: கறுப்பி பால்னு சொன்னேன். ஆனா படுத்த அன்னையில இருந்தே அவளுக்குப் பால் இல்ல. நேத்துதான் கொஞ்சம் சுரந்தா. அதனால அது…

மாமியார்: பசும்பால். முதல் வாயிலயே தெரிஞ்சுது, கறுப்பிக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு.

மருமகன்: தெரியுமா? அப்புறம் ஏன் பக்கத்துக் கட்டில்காரங்களுக்கு ‘எங்க கறுப்பி பால்’னு பெருமையா ஊத்திக் கொடுத்தீங்களாம்?

மாமியார்: உங்களை எப்படி விட்டுக்கொடுக்கிறது? வாயைத் திறந்து கேட்டிருந்தா நீங்க உண்மையைச் சொல்லியிருப்பீங்க. அப்புறம் நான் கட்டில்ல கிடந்திருப்பேனா? அவ்வளவு பயத்துலயும் எனக்காகப் பால் தேடிக் காய்ச்சி அனுப்புற மனுஷன், என் எருமையைச் சாக விடமாட்டார்னு தெரிஞ்சுது. அந்த நிம்மதியிலதான் மாப்பிள்ளை, அங்க நான் கண்ணை மூடித் தூங்கினேன்.