ஜெனரல் ஆத்தைத் தாண்டிட்டான்

திருட்டுன்னு எழுதுடா ரெனே! இதுல யோசிக்க என்ன இருக்கு? நேத்து சாயங்காலம் வரைக்கும் இருந்த காளை இன்னிக்கு இல்ல. வேலி அறுந்து கெடக்கு. வேலிக்கு அந்தப் பக்கம் ஆறு, ஆத்துக்கு அந்தப் பக்கம் மெக்சிகோ. இதுக்கு மேல உனக்கு என்ன வேணும்? திருடன் கையெழுத்துப் போட்டு வச்சிட்டுப் போகணுமா?

சரி, உக்காரு. அந்த நாற்காலி வேணாம், அது ஆடும். ஐஸ் டீ எடுத்துக்கோ... அட, யாரைப் பாத்துத் தொப்பியைக் கழட்டுற? அது அட்டைடா! கவர்னர் ஹார்லன் க்ரீவ்ஸ், ஆளுயர அட்டைப் படம். மெக்சிகோவைப் பாத்து மொறச்சிக்கிட்டு நிக்கட்டும்னு நான்தான் வராந்தாவுல வச்சேன். என் வீட்டுக்காரர் ஹாய்ட் தினம் காலையில காபியைத் தூக்கிட்டு வந்து அதுக்குக் குட் மார்னிங் சொல்றாரு. பதில் வரலேன்னு கோவம் வேற! கட்டுன நாள்லேருந்து எனக்கு ஒரு குட் மார்னிங் சொன்னதில்ல அந்த மனுஷன்.

சிரிக்காத. உன்னை அஞ்சு வருஷம் ஸ்கூல் பஸ்ல ஏத்திட்டுப் போனவ நான். கடைசி சீட்டுல நீ என்னென்ன பண்ணேன்னு எனக்குத் தெரியும். போலீஸ் பேட்ஜ் குத்திட்டா மறந்துருவேனா?

எங்க விட்டேன்... ஆங், கவர்னர். சனிக்கிழமை இங்க வர்றாருடா! இங்க, இந்த வெல்டா ப்ரூயிட் பண்ணைக்கு! என் ஆத்தங்கரையில நின்னுதான் ஜனாதிபதி தேர்தல்ல நிக்கிறேன்னு சொல்லப்போறாராம். சொல்லப்போறாராம்னுதான் சொல்றேன், ஏன்னா ரெண்டு வருஷமா இப்படித்தான். நிக்கிறேங்கவும் மாட்டாரு, நிக்கலேங்கவும் மாட்டாரு. கூடவே சுத்துவான், மோதிரம் மட்டும் வாங்க மாட்டான்னு சில பசங்க இருப்பானுங்கல்ல, அந்த மாதிரி. ஆனா எல்லைன்னு வந்துட்டா பாக்கணும்! போன மாசம் டிவியில மேசையைத் தட்டுனாரு பாரு, தண்ணி கிளாஸ் கவுந்து பேட்டி எடுத்தவன் மடியில ஊத்துச்சு. ஒரு மன்னிப்புக் கேக்கல. அங்கதான் நான் விழுந்துட்டேன்.

எங்க மகளிர் சங்கத்துல எழுபது பேரு, எல்லாருக்கும் அவர் படம் போட்ட சமையல் ஏப்ரன். உங்கப்பா கூட அன்னிக்கு ஒண்ணு கேட்டு வாங்கிட்டுப் போனாரே, தெரியாதா? ஆமாண்டா, உங்கப்பாதான்! பிரிஸ்கெட் கறி சுடும்போது கட்டிக்கிறாரு. உங்கம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லிராத.

என்ன... காளையா? வர்றேன், வர்றேன். அவசரப்படுத்தாத.

ஜெனரல் வெறும் காளை இல்ல ரெனே. அது பொறந்த அன்னிக்கே தாய் செத்துப்போச்சு. என் சமையக்கட்டுலதான் வளந்துச்சு, பாட்டில்ல பால் குடுத்து. இன்னிக்கு அது ஒரு பிக்கப் வண்டி சைஸு, ஆனாலும் என் குரல் கேட்டா கன்னுக்குட்டி மாதிரி ஓடி வரும். ஹாய்ட் ஒதுங்கிருவாரு, நான் ஒதுங்க மாட்டேன். சனிக்கிழமை அது கவர்னர் பக்கத்துல நிக்கணும்னு குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் போட்டு... விடு.

வேலியா? நல்ல வேலிதான். கவர்னர் மேசையைத் தட்டுன மறுநாளே ஆள் விட்டுப் போட்டது. இந்த மாவட்டத்துலயே அப்படி ஒரு வேலி கிடையாது, முயல் கூட சுத்திக்கிட்டுத்தான் போகும். அந்த ப்ரெஸ்டன் இருக்கானே, கவர்னரோட படம் புடிக்கிற பையன், திங்கக்கிழமை இடம் பாக்க வந்தான். கூர் வச்ச ஷூ, பண்ணையில! சாணியை மிதிச்சிட்டு மண்ணுன்னு நெனச்சுக்கிட்டான், நானும் சொல்லல. வேலியைப் பாத்தான். மேல பாத்தான், கீழ பாத்தான். பெருமூச்சு விட்டான். ‘மேடம், வேலி ரொம்ப நல்லா இருக்கே’ன்னான். நல்லாத்தானே இருக்கணும்! ‘இவ்ளோ நல்ல வேலிக்கு முன்னாடி நின்னு, எல்லை தொறந்து கெடக்குன்னு நம்ம கவர்னர் எப்படிப் பேசுவாரு? நாலு மைல் தள்ளி இன்னொரு பண்ணை இருக்கு, அங்க வேலியே இல்ல’ன்னு சொல்றான். யார் பண்ணை? மர்லீன் பண்ணை! சர்ச்சுல நான் சுட்ட பீக்கான் பலகாரத்துல இனிப்பு பத்தலேன்னு சொன்னவ! அவ வீட்டுக்குக் கவர்னரா?

...ஏன் அந்த வேலியையே பாத்துக்கிட்டு இருக்க? ஐஸ் உருகுது, குடி.

காளை எங்க இருக்குன்னா... தெரியும். யூசேபியோ ஐயா தொழுவத்துல. அவரே காலையில போன் பண்ணாரு. ‘வெல்டா, உன் ஜெனரல் வந்திருக்கான், என் கெடேரிங்க நடுவுல மாப்பிள்ளை கணக்கா நிக்கிறான், ஓட்ஸ் போட்டிருக்கேன், கவலைப்படாத’ன்னாரு. இந்த வருஷம் ஆத்துல முழங்கால் அளவு தண்ணி, நடந்தே போயிருக்கு. தங்கமான மனுஷண்டா. முப்பது வருஷமா ஆத்துக்கு அந்தக் கரையில அவரு, இந்தக் கரையில நான், கத்திக் கத்தியே பேசிக்கிறோம். கிறிஸ்மஸுக்கு அவர் சம்சாரம் சோளமாவுல அவிச்ச தமாலே குடுத்துவிடுவா. எப்படியா? அவங்க பையன் ஆத்துல எறங்கி வந்து... ஏய், அது வேற! அது எல்லை தாண்டுறது இல்ல, அது பக்கத்து வீட்டுக்காரங்க! நீ அதையும் இதையும் முடிச்சுப் போடாத.

எல்லையில மாட்டுக்கு உண்ணி இருக்கான்னு பாக்குற ஆபீஸ்காரங்களையும் கூப்பிட்டேன். மெக்சிகோவுல கால் வச்ச மாடு சும்மா உள்ள வர முடியாதாம். மருந்துத் தொட்டியில முக்கணும், தனியா அடைக்கணும், சோதிக்கணும். என் மாடுடா! டெக்சஸ்ல பொறந்தது! ‘சட்டம் கடுமையா இருக்கணும்னு நீங்கதானேம்மா போன வாரம் ஊர்வலம் போனீங்க’ங்கிறான், பொடிப்பய. மாட்டுக்குமா சேத்து ஊர்வலம் போனேன்? அது தானா வழி தப்பிப் போச்சுன்னு நீ ஒரு வரி எழுதிக் குடுத்தா, வெள்ளிக்கிழமைக்குள்ள பாலம் வழியா கொண்டாந்துருவாங்களாம். தவறினா அந்தப் பக்கத்து ஆபீஸருங்க ஏலம் போட்டுருவாங்களாம்.

எழுதலாம்தான். ஆனா ப்ரெஸ்டன்கிட்ட நான் வாய விட்டுட்டேனே. காளை திருட்டுப் போச்சுன்னதும் அவனுக்கு என்ன சந்தோஷம்! கவர்னரோட பேச்சுல சேத்தாச்சாம். ‘ஒரு ஏழைத் தாயின் காளையை எல்லை தாண்டி வந்த திருடன்...’ ஏழையாம்! இந்த வராந்தாவைப் பாத்தா ஏழை மாதிரியா இருக்கு? ‘சனிக்கிழமை வரைக்கும் காளையைக் கண்டுபுடிச்சிராதீங்க மேடம்’னு வேற கெஞ்சுறான். கண்டுபுடிச்சிராதீங்கன்னா? ஏலத்துல போயிருமேடா, நான் பால் குடுத்து வளத்தது!

என்ன கேட்ட? மறுபடி கேளு.

...திருட்டுன்னா திருடன் யாருன்னா... யாரோ. முகம் தெரியாதவன். மாடு யார் தொழுவத்துல நிக்குதுன்னா... ஐயையோ. யூசேபியோவா? அவரைப் போயா? கவர்னர் டிவியில அவரைத் திருடன்னு சொல்வாரா? மேசையைத் தட்டியா?

இல்ல. வேணாம். அடிச்சுரு அதை.

எல்லாம் அந்த மர்லீனாலதான். அவ பண்ணைக்குப் போயிருவாரேன்னு... ஹாய்ட்டோட கம்பி வெட்டியை எடுத்துட்டுப் போயி நான்தான்... மூணே கம்பிடா! ஒரு ஆள் நுழையற அளவு, படத்துக்கு மட்டும்! ஜெனரல் என் பின்னாடியே வந்து நின்னுச்சு, நான் பாக்கல. திரும்பி ஏப்ரன்ல கையைத் தொடைக்கிறேன், அது மீதிக் கம்பியையும் சேத்து இழுத்துக்கிட்டு ஆத்துல எறங்குது. கூப்பிட்டேன். மொத தடவையா திரும்பிப் பாக்காம போச்சுடா... அழல, கண்ணுல தூசி.

எழுது. வேலியை வெட்டுனது வெல்டா ப்ரூயிட். மாடு தானா போச்சு, யாரும் திருடல. கொட்டை எழுத்துல எழுது. ப்ரெஸ்டனுக்கு நானே போன் பண்றேன். கவர்னர் மர்லீன் வீட்டுக்கே போகட்டும், அவளோட இனிப்புப் பலகாரத்தைத் தின்னு பல்லு ஆடட்டும்.

எங்க கெளம்பிட்ட? டீ அப்படியே இருக்கு... ரெனே! ஏய், ஜீப்பை நிறுத்து! ஒண்ணு மட்டும் எல்லார்கிட்டயும் சொல்லிரு. ஓட்டு அவருக்குத்தான், அதுல மாத்தம் இல்ல! எல்லையை இழுத்து மூடட்டும், பூட்டுப் போடட்டும், சாவியை ஆத்துல எறியட்டும்! வெள்ளிக்கிழமை என் மாடு உள்ள வந்ததும்!